தங்கை போட்ட கையெழுத்து

அத்தியாயம் 17

அந்த வீட்டில் காலை ஒன்பது மணிக்கு மேல் யாரும் அழைப்பு மணியை அழுத்தக் கூடாது. அழுத்தினால் கதவு திறக்காது. ஜன்னல் கையளவு திறந்து, "படிப்பு நடக்குது, அப்புறம் வாங்க" என்று ஒரு குரல் வரும், அவ்வளவுதான். தெருவுக்குப் புதிதாக வந்தவர்கள், பள்ளிக்கூடம் போகும் பிள்ளைகளே இல்லாத வீட்டில் என்ன படிப்பு என்று கேட்பார்கள். மாமியாரும் மருமகளும் எதிரெதிரே உட்கார்ந்து ஜெர்மன் கோர்ட் காகிதங்களைச் சத்தமாகப் படிக்கிறார்கள் என்று சொன்னால் நம்பவும் மாட்டார்கள். மாமியார் மருமகள் சத்தம் என்றால் வேறு மாதிரி அல்லவா நமக்குக் கேட்டுப் பழக்கம்!

மாமியாருக்குத் தெருவில் 'முத்திரையம்மா' என்று பெயர். ஜெர்மன் சட்டக் காகிதங்களை ஆங்கிலமாக்கி, 'மூலத்தில் உள்ளபடியே உள்ளது' என்று அரசாங்க முத்திரை குத்தும் உரிமை இருபத்தாறு வருடமாக அவருக்கு இருக்கிறது. முத்திரையை அலமாரியில் வைக்க மாட்டார். ஒரு சின்னப் பையில் போட்டு இடுப்பிலேயே செருகியிருப்பார். குளிக்கும்போது அதை எங்கே வைக்கிறார் என்பது இன்றுவரை தெருவுக்குப் புரியாத மர்மம்.

மருமகள் இந்த வீட்டுக்கு வந்த விதத்தைத் தொடர்ந்து படிப்பவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். எட்டு வருடத்துக்கு முன்னால், ஜெர்மனியில் சாரத்திலிருந்து விழுந்து மண்டையில் அடிபட்ட அண்ணனைக் கைத்தாங்கலாக அழைத்துக்கொண்டு, ஒரு கோர்ட் உத்தரவோடு இந்தப் படியேறினாள். முத்திரையம்மா உத்தரவை மொழிபெயர்த்துக் கொடுத்தார். காகிதத்தைவிடப் பெண்ணைப் பிடித்துப்போய், தொழில் கற்றுக்கொடுத்து, தன் மகனுக்கே கட்டியும் வைத்தார். மகன் லிஃப்ட் பரிசோதகர், மாதத்தில் பாதி நாள் வெளியூர். இந்த வாரமும் வெளியூர்தான். பிழைக்கத் தெரிந்த பிள்ளை.

பதிவு அலுவலகத்தில் ஏறிய அந்த மொழிபெயர்ப்பின்படி அண்ணன் மனநிலை குன்றியவர், சட்டப்படி தகுதியற்றவர். அவருக்காகக் கையெழுத்துப் போடும் காப்பாளர் தங்கை. அண்ணன் குணமாகி, இதே வீட்டு மாடி அறையில் வாடகைக்கு இருந்துகொண்டு, கடைவீதியில் மூக்குக்கண்ணாடிக் கடை ஒன்றில் லென்ஸ் தேய்க்கிறார். தலைமுடி கனத்தில் பிசகு வந்தாலும் கண்டுபிடித்துவிடுவார். ஆனாலும் அவர் பல் பிடுங்க வாயைத் திறந்தபோது, சம்மதக் கையெழுத்துப் போட்டது தங்கைதான்.

போன வாரம் பதிவு அலுவலகத்திலிருந்து கடிதம் வந்ததைப் பார்த்தோம். பழைய பதிவுகளைக் கம்ப்யூட்டரில் ஏற்றுகிறார்களாம். அண்ணனின் உத்தரவு மொழிபெயர்ப்பு மங்கிவிட்டதால், வெள்ளிக்கிழமைக்குள் புதிதாக ஒன்று வேண்டுமாம்.

இன்று செவ்வாய்.

*

சொந்தக்காரர்களின் காகிதத்துக்கு முத்திரை குத்தக் கூடாது என்பது இந்தத் தொழிலின் முதல் விதி. அண்ணன் இப்போது சம்பந்தி வீட்டுக்காரர். ஆகவே வேலை, பஸ் நிலையத்துக்குப் பின்னால் பலகை மாட்டியிருக்கும் இன்னொரு மொழிபெயர்ப்பாளரிடம் போக வேண்டும். முத்திரையம்மா அவரைப் பெயர் சொல்லிக் குறிப்பிட்டதே இல்லை. 'எதிர்க்கடை' என்பார்.

"எதிர்க்கடைக்குக் குடுக்கிறதுக்கு முன்னாடி நம்ம பழைய பிரதியை ஒரு தடவை படிச்சுப் பார்த்துடுவோம்" என்றார் காலையில். "அந்த ஆள் என் காகிதத்துல ஒரு கமாவைக்கூடக் குத்தம் சொல்லிடக் கூடாது."

"அவரு கமாவைக் கண்டுபிடிக்கிறதுக்குள்ள வெள்ளிக்கிழமை போயிடும், அத்தை" என்றாள் மருமகள். இருவரும் சிரித்தார்கள். அன்றைக்கு அவர்கள் இருவரும் சேர்ந்து சிரித்த கடைசிச் சிரிப்பு அது.

படிப்பின் முறையைச் சொல்லிவிடுகிறேன். ஒருவர் மூலத்தில் ஒரு வாக்கியம் வாசிக்க வேண்டும். மற்றவர் மொழிபெயர்ப்பில் அதே வாக்கியத்தை விரலால் தொட்டுப் பார்த்து, சரியென்றால் "ம்" கொட்ட வேண்டும். தேதிக்கு ஒரு "ம்". முத்திரைக்கு ஒரு "ம்". ஓரத்தில் யாரோ கிறுக்கியதற்கும் ஒரு "ம்". "ம்" விழாமல் அடுத்த வரிக்கு நகரக் கூடாது.

இரும்புப் பெட்டியில் எட்டு வருடம் கிடந்த மூலத்தை எடுத்து முத்திரையம்மா வாசித்தார். கோர்ட் பெயர், "ம்". ஆஸ்பத்திரி விலாசம், "ம்". விபத்து நடந்த தேதி வந்தபோது "ம்" கொஞ்சம் தாமதமாக வந்தது. அவள் அண்ணன் அல்லவா.

மூன்றாவது பத்தி. "ம்" வரவில்லை.

"என்ன, தூங்கிட்டியா?"

"இன்னொரு தடவை வாசிங்க, அத்தை."

வாசித்தார்.

"இன்னும் ஒரு தடவை."

"நான் என்ன ரேடியோவா? கண்ணைத் திறந்து காகிதத்தைப் பாரு."

"பார்த்துட்டுதான் இருக்கேன். 'பெட்ரோயுங்'ங்கிற வார்த்தைக்கு என்ன போட்டிருக்கீங்க?"

"ஏட்டுல என்ன இருக்கோ அது."

ஏடு என்றால் அந்த வீட்டுச் சொல்லேடு. காலிகோ அட்டை போட்ட கனமான நோட்டு. ஒரு ஜெர்மன் சட்டச் சொல்லுக்கு ஓர் ஆங்கிலச் சொல்லைத் தீர்மானித்து அதில் எழுதிவிட்டால் முடிந்தது கதை. பிறகு யாரும் அதைத் திரும்பத் தேடக் கூடாது. ஒரே வீட்டிலிருந்து போகும் காகிதங்களில் ஒரே சொல்லுக்கு ஒரே அர்த்தம் இருக்க வேண்டும் என்பது முத்திரையம்மாவின் சட்டம். அதை மீறி வேறு சொல் போட்டதற்காக மருமகள் வாங்கிய திட்டு, பக்கத்து வீடுகள்வரை கேட்டிருக்கிறது.

மருமகள் ஏட்டைப் புரட்டினாள். முத்திரையம்மாவின் குண்டுக் கையெழுத்தில் ஆங்கிலத்தில் இருந்தது, தமிழில் சொன்னால்: மனநிலை குன்றியவரைத் தகுதியற்றவராக அறிவித்துக் காப்பில் வைத்தல்.

"இது தப்பு, அத்தை."

அந்த வீட்டில் அப்படி ஒரு வாக்கியத்தை யாரும் சொல்லிக் கேட்டதில்லை.

"போன மாசம் நான் எழுதின மொழிபெயர்ப்பாளர் பரீட்சையில இந்தச் சட்டமே ஒரு பாடம்" என்றாள் மருமகள். குரல் தாழ்ந்திருந்தது. "ஒருத்தரைத் தகுதியில்லாதவர்னு அறிவிக்கிற பழைய சட்டத்தை அவங்க எப்பவோ எடுத்துட்டாங்க. இது அதுக்குப் பதிலா வந்தது. முடியாதவங்களுக்கு உதவிக்கு ஒரு ஆளைக் கோர்ட் நியமிக்கும், அவ்வளவுதான். அவங்க உரிமை எதுவும் போகாது. அவங்க கையெழுத்து அவங்களோடதுதான்."

"நீ நேத்து பாஸ் பண்ணினவ."

"அதனாலதான் ஞாபகம் இருக்கு. அடுத்த வரியைப் பாருங்க. சில பேருக்கு மட்டும், உதவியாள் சம்மதிக்காம இவர் செய்யிறது செல்லாதுன்னு கோர்ட் தனியா ஒரு கட்டுப்பாடு போடும். அண்ணனுக்கு அந்தக் கட்டுப்பாடு இல்லைன்னு ஜட்ஜ் எழுதியே வச்சிருக்கார்."

முத்திரையம்மா தன் ஆங்கிலத்தைப் பார்த்தார். அந்த வரியை அவர் விட்டுவிடவில்லை. மூலத்தில் இருந்தபடி, சொல்லுக்குச் சொல் போட்டிருந்தார்: 'கன்சென்ட் ரிசர்வேஷன் இஸ் நாட் ஆர்டர்ட்.' பதிவு அலுவலகத்தில் அதைப் படித்தவர்களுக்கு அது ரயிலில் இடம் கிடைக்காத சமாசாரம் போலத் தோன்றியிருக்கும். உண்மை எட்டு வருடமாக அந்த ஃபைலிலேயே உட்கார்ந்திருந்தது. ஒருவருக்கும் புரியாத ஆங்கிலத்தில்.

"அப்ப என்கிட்ட இருந்த அகராதி சட்டம் மாறுறதுக்கு முன்னாடி அச்சடிச்சது" என்றார் கடைசியில். "இந்த வார்த்தைக்கு அதுல சட்ட அர்த்தமே இல்ல. பழைய சட்டத்துல இதே இடத்துல இருந்த வார்த்தைக்கு உண்டான ஆங்கிலத்தை எடுத்துப் போட்டேன். யாரையாவது கேட்டிருக்கணும். கேக்கல."

"நானும் மூலத்தைப் பார்க்கல, அத்தை. அப்ப எனக்கு ஜெர்மன் தெரியாது. தெரிஞ்ச பிறகு பெட்டியைத் திறக்கத் தோணல. உங்க முத்திரை இருந்துச்சே."

இதைவிடக் கடுமையாக யாராலும் திட்டிவிட முடியாது. அவள் திட்டவில்லை என்பதுதான் பரிதாபம்.

ஏட்டின் ஓரத்தில் அந்தச் சொல் எந்தெந்தக் காகிதத்தில் போனது என்று தேதி வாரியாகக் குறித்திருந்தது. முத்திரையம்மா விரல் வைத்து எண்ணினார். அண்ணனோடு சேர்த்து ஒன்பது பேர்.

இடுப்புப் பையை அவிழ்த்து முத்திரையை மேஜைமேல் வைத்தார். கழற்றின இடத்தில் புடவை கசங்கி, கொஞ்ச நேரம் அப்படியே நின்றது.

"நீ உங்க அண்ணன்கிட்ட போ" என்றார். "நான் ஆபீசுக்குப் போறேன்."

"நானும் வரேன், அத்தை. தனியா அங்க போய்..."

"தப்புப் போட்டப்ப தனியாத்தானே போட்டேன்."

*

கண்ணாடிக் கடையின் பின்கட்டில் இயந்திரம் ஓடிக்கொண்டிருந்தது. தண்ணீர் சொட்டச் சொட்ட லென்ஸின் விளிம்பு தேய்ந்தது. அண்ணன் தங்கையைப் பார்த்ததும் நிறுத்தினார்.

"என்ன குட்டி, இந்நேரத்துல? உன் வீட்டுக்காரருக்கு ஏதாவது?"

"அவருக்கு ஒண்ணுமில்ல. அண்ணா, உன் உத்தரவை இன்னிக்கு மூலத்துல படிச்சோம்."

அவர் கையைத் துணியில் துடைத்துக்கொண்டார். ஒவ்வொரு விரலாக.

சொல்லை, சட்டத்தை, அகராதியை, எல்லாவற்றையும் சொன்னாள். அவர் முகத்தில் ஆச்சரியம் வருமென்று எதிர்பார்த்தாள். வரவில்லை.

"உனக்கு இது தெரியுமா?" என்று கேட்டாள்.

"அந்த ஜட்ஜ் ஆஸ்பத்திரிக்கே வந்தார். என் கட்டில் பக்கத்துல நாற்காலி போட்டு உட்கார்ந்தார். 'உங்க தங்கை உங்களுக்கு உதவிக்கு மட்டும்தான், முடிவு உங்களோடது'ன்னு மெதுவா ரெண்டு தடவை சொன்னார். இங்க வந்து இறங்கின அன்னிக்கே உன்கிட்ட சொன்னேன்."

அவளுக்கு நினைவு வந்தது. ஒரு தடவை அல்ல, பல தடவை. அண்ணன் சொல்லும்போதெல்லாம் அவள் போர்வையை இழுத்துவிட்டு, "ஆமாண்ணா, ஆமாண்ணா" என்றிருக்கிறாள். அவரோடு வாதாடக் கூடாது, தலையாட்டிவிட வேண்டும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். அவள் ஒழுங்காகத் தலையாட்டினாள்.

"அப்புறம் ஏன் விட்டுட்ட?"

"நான் சத்தம் போட்டா, 'பாரு, ஆரம்பிச்சுட்டான்'னு முகம் வச்சுக்குவீங்க. சும்மா இருந்தா, 'பாவம், அமைதியா இருக்கான்'னு சொல்லுவீங்க. ரெண்டாவது கொஞ்சம் சௌகரியமா இருந்துச்சு."

சொல்லிவிட்டு லேசாகச் சிரித்தார். அவளால் சிரிக்க முடியவில்லை.

இன்னொன்றும் அவளிடம் பாக்கி இருந்தது. இரண்டு வருடத்துக்கு முன் அண்ணன், அடுத்த தெரு மருந்துக்கடைப் பெண்ணைக் கல்யாணம் செய்துகொள்ள விரும்பினார். பதிவாளர் மறுத்துவிட்டார். 'சட்டம் இடம் கொடுக்கலண்ணா' என்று தங்கை சொன்னாள். அந்தப் பெண் வேறு ஊர்க் கிளைக்கு மாற்றல் வாங்கிக்கொண்டு போனாள். தெருவே உச்சுக்கொட்டியது. நாமும்தான்.

"அன்னிக்குப் பதிவாளர் ஒண்ணு சொன்னார்" என்றாள். "காப்பாளர் கோர்ட்டுல மனு போட்டா, ஜட்ஜ் உன்னை நேர்ல பார்த்துப் பேசிட்டு அனுமதி குடுக்கலாம்னு."

இயந்திரத்திலிருந்து ஒரு சொட்டுத் தண்ணீர் விழுந்தது.

"நீ போடலையா?"

"போடல."

"ஏன்?"

"பயமா இருந்துச்சு. அவங்க உன்னைப் பார்த்துக்குவாங்களான்னு... நாளைக்கு விட்டுட்டுப் போயிட்டா நீ தாங்க மாட்டியேன்னு..." நிறுத்தினாள். "எனக்குத் தோணினதை உனக்கு நல்லதுன்னு நெனச்சுட்டேன், அண்ணா."

முன்னாலிருந்து கடைக்காரர் குரல் கொடுத்தார். "அந்த நீல ஃபிரேம் கண்ணாடி முடிஞ்சுதா? அம்மா காத்துக்கிட்டு இருக்காங்க!"

"அஞ்சு நிமிஷம்!" என்று அண்ணன் பதில் சொன்னார். பிறகு தங்கையிடம், "நீ வீட்டுக்குப் போ. வேலை முடிச்சுட்டு வரேன்" என்றார்.

இயந்திரத்தைப் போட்டார். எதுவும் நடக்காததுபோல லென்ஸின் விளிம்பைக் கல்லில் பிடித்தார். அதுதான் அவளுக்கு என்னவோ போலிருந்தது.

*

முத்திரையம்மா திரும்பும்போது மணி நாலரை. வெயிலில் நடந்தே வந்திருக்கிறார். தெருமுனையில் இரண்டு பேர் விசாரித்ததற்குத் தலையைக்கூடத் திருப்பவில்லை. வழக்கமாக மூன்றாவது ஆளையும் கூப்பிட்டு நிறுத்திவைத்துப் பேசுகிறவர்.

பதிவு அலுவலகத்தில் என்ன நடந்தது என்று மருமகளிடம் நாலு வரியில் சொன்னார். 'என் மொழிபெயர்ப்பு தவறானது' என்று கைப்பட எழுதி அதிகாரியிடம் நீட்டினாராம். அதிகாரி இரண்டு தடவை படித்துவிட்டு, "இதை நீங்க குடுத்தே ஆகணும்னு இல்லையேம்மா" என்றாராம். "அதனாலதான் நானே கொண்டு வந்தேன்" என்றாராம் இவர். மற்ற எட்டுப் பேரின் விவரத்தையும் எழுதிக் கொடுத்துவிட்டார். முத்திரை இருக்குமா போகுமா என்பதை மேலிடம் தீர்மானிக்கும். அதுவரை குத்தக் கூடாது.

அங்கிருந்து நேராக எதிர்க்கடைக்குப் போயிருக்கிறார். இருபது வருடத்தில் முதல் தடவையாக அந்தப் படி ஏறி, புது மொழிபெயர்ப்புக்குக் காகிதத்தைக் கொடுத்திருக்கிறார்.

"என்ன சொன்னார், அத்தை?"

"உட்காருங்கன்னு சொன்னார். தண்ணி குடுத்தார். குத்திக் காட்டியிருந்தா நல்லா இருந்திருக்கும்."

பையிலிருந்து ஒரு படிவத்தை எடுத்து மேஜைமேல் வைத்தார். பதிவைத் திருத்தக் கோரும் மனு. வெள்ளிக்கிழமை மாலைக்குள் போய்ச் சேர வேண்டும். அன்றோடு பதிவுகள் கம்ப்யூட்டருக்குப் போய்விடும். அதற்கப்புறம் ஓர் எழுத்தை மாற்றுவதற்கும் கோர்ட்டுக்கு அலைய வேண்டும், எத்தனை வருடம் ஆகுமோ.

ஐந்தே முக்காலுக்கு அண்ணன் வந்தார். செருப்பைக் கழற்றிவிட்டு, வழக்கம்போலக் கை கால் கழுவிக்கொண்டு உட்கார்ந்தார். முத்திரையம்மா எழுந்து நின்றார். அந்த அம்மாள் யாருக்கும் எழுந்து நிற்கிறவர் இல்லை.

"தம்பி, உங்க எட்டு வருஷத்தை நான் எழுதிக் கெடுத்துட்டேன். மன்னிப்புன்னு கேக்கிறதுக்கு எனக்கு வாய் வரல."

"உட்காருங்கம்மா. வெயில்ல போயிட்டு வந்திருக்கீங்க."

அவர் படிவத்தை எடுத்து, முதல் வரியிலிருந்து பொறுமையாகப் படித்தார். பேனாவை எடுத்தார். கடைசிப் பக்கத்துக்கு வந்து நின்றுவிட்டார்.

"எனக்கு எங்க இடம்?"

மாமியாரும் மருமகளும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"அங்கதான் தம்பி சிக்கல்" என்றார் முத்திரையம்மா. "நானும் சண்டை போட்டுப் பார்த்தேன். பதிவு திருந்துற வரைக்கும் உங்க கையெழுத்து செல்லாதாம். திருத்தச் சொல்லிக் கேக்கிற மனுவுலயும் காப்பாளர்தான் போடணுமாம்."

"அதாவது, நான் கையெழுத்துப் போடத் தகுந்தவன்னு சொல்றதுக்கு, எனக்காக இவ கையெழுத்துப் போடணும்."

"ஆமா."

அண்ணன் சிரித்தார். சத்தமான, நல்ல சிரிப்பு. தெருவரை கேட்டது. கேட்ட நாங்கள், அந்த வீட்டில் ஏதோ நல்ல சேதி என்று நினைத்தோம்.

"இது கடைசி, அண்ணா" என்றாள் தங்கை. "இந்த ஒண்ணுதான். இதுக்கப்புறம் நான் எதுலயும் போட மாட்டேன்."

"பல்லுக்கும் அப்படித்தான் சொன்ன. வாடகைச் சீட்டுக்கும் அப்படித்தான் சொன்ன."

"இது வேற இல்லையா? உனக்கு விடுதலை இது!"

"இருக்கலாம். என் பேர்ல உன் கையெழுத்து இனிமே வேணாம்."

"வெள்ளிக்கிழமை தாண்டிட்டா கோர்ட்டுக்கு அலையணும், அண்ணா. வருஷக்கணக்கா!"

"அலையறேன். எட்டு வருஷம் உட்கார்ந்திருந்தவனுக்கு அலையத் தெம்பிருக்கும்."

முத்திரையம்மா குறுக்கிட்டார். "கோபம் எம்மேல இருக்கட்டும், தம்பி. தப்புப் பண்ணினது நான். அவளைத் தண்டிக்காதீங்க."

அண்ணன் படிவத்தை மடிக்காமல், ஓரம் நேராக இருக்கும்படி மேஜைமேல் வைத்தார். லென்ஸ் வைக்கிற மாதிரி.

"உங்க மேல எனக்குக் கோபம் இல்லம்மா. நீங்க ஜெர்மன்ல இருந்ததைத் தப்பா எழுதினீங்க. நடக்கிறதுதான். கஷ்டமான பாஷை." தங்கையின் பக்கம் திரும்பினார். "ஆனா நான் இவகிட்ட தமிழ்லதானே சொன்னேன்?"

அவர் எழுந்து, மாடிப்படியில் ஏறிப் போனார். மேலே அறைக்கதவு சாத்தும் சத்தம் கேட்டது. அறையவில்லை. மெதுவாகத்தான் சாத்தினார்.

வெகுநேரம் கழித்து முத்திரையம்மா பேனாவை மருமகள் பக்கம் நகர்த்தினார்.

"நீ போட்டுடு" என்றார் தாழ்ந்த குரலில். "நான் கொண்டுபோய்க் குடுத்துடறேன். பதிவு திருந்திட்டா கோபம் தன்னால ஆறிடும். அவர் நல்லதுக்குத்தானே?"

மருமகள் பேனாவைப் பார்த்தாள். இந்த எட்டு வருடத்தில் எத்தனையோ காகிதங்களில், கேட்காமல்கூட, இதே மேஜையில் போட்டிருக்கிறாள். அவள் கை அந்தக் கட்டத்துக்குத் தானாகப் போகும். கொஞ்சம் போகவும் செய்தது.

திரும்ப மடியில் வைத்துக்கொண்டாள்.

"அண்ணன் வேணாம்னு சொல்லிட்டாரு, அத்தை."

"அப்போ வெள்ளிக்கிழமை?"

"தெரியல" என்றாள் மருமகள். "அவர் சொன்னதை நான் கேட்டுட்டேன். இன்னிக்கு எனக்கு அவ்வளவுதான் தெரியும்."